புறங்கை

லூர்துசாமி எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவான். கிரைண்டர், ஃபிரிட்ஜ் கதவு, மோட்டார் சுவிட்ச், எதுவானாலும் விரல்களை மடக்கிக் கையின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளங்கை போகும். பாட்டுக் குழுவில் இது பெரிய கேலி. "மச்சான் கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் தட்டிப் பாத்திருப்பாரு" என்பான் தபேலா சபாபதி. லூர்துசாமி சிரித்துவிட்டுப் போய்விடுவான். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

காரணம் கொளஞ்சியப்பன். இருவரும் ஒரே கூட்டத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த காலம். மதியம் கஞ்சி குடிக்கக் கைகழுவிய ஈரத்தோடு கொளஞ்சியப்பன் மோட்டார் கொட்டகைக்குள் போய் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பிடித்தான். பிடித்த கை திரும்பவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்து இவர்களும் சிரித்தபடி வரப்பில் நின்று பார்த்தார்கள். பிறகு வந்த வயர்மேன், பிணத்தைப் பார்த்துக்கொண்டே பீடியைப் பற்றவைத்துச் சொன்னான்: "உள்ளங்கையால தொட்டா கை மூடிக்கும், உடாது. பொறங்கையால தொட்டிருந்தா வெடுக்குனு மடங்கி வெளிய வந்திருக்கும்." தான் சிரித்தபடி நின்ற அந்த அரை நிமிடத்தை லூர்துசாமி மறந்ததே இல்லை.

அதன் பிறகு அவன் கரும்புக்குப் போகவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் அரிசி மண்டிகளில் மூட்டை தூக்கினான். கோயில் பாடகர் குழுவில் பழகிய பேஸ் கிதார் கையில் இருந்தது. கடலூர் கெடிலம் மெலடீஸ் குழுவில் ஏழு வருஷமாக வாசிக்கிறான். மண்டியில் அவனை 'யோவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். மேடையில் அறிவிக்கும்போது மட்டும் 'பேஸ் கிதார், திரு லூர்துசாமி' என்பார்கள். அந்தத் திருவுக்காக அவன் மூட்டை தூக்கிய முதுகோடு மூன்று மணி நேரம் நிற்பான்.

குழுவின் முதலாளி கண்ணாயிரம். கீபோர்டு அவர்தான். பேஸ் கிதாருக்கான ஆம்ப்ளிபயரும் அவருடையதுதான். பழையது, அலமாரி மாதிரி கனம். அது ஆவணி மாதம் காடாம்புலியூரில் ஒரு காதுகுத்தில் வம்பு செய்தது. போட்டதிலிருந்து கொர்ர்ர் என்று ஒரே இரைச்சல். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மாடு உறுமுகிற மாதிரி கேட்டது. ஜனங்கள் சிரித்தார்கள்.

"லூர்து, இன்னொரு தபா இந்த மாதிரி ஆச்சின்னா பேஸ்ஸ நானே எடது கையால கீபோர்டுல வாசிச்சிக்குவேன். எல்லாக் குழுவுலயும் இப்ப அதான் நடக்குது. தெரிஞ்சிக்க" என்றார் கண்ணாயிரம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

இடைவேளையில் லூர்துசாமி ஆம்ப்பின் மூன்று பின் பிளக்கைக் கையில் எடுத்தான். மேலே இருக்கும் பருமனான எர்த் பின் இல்லாவிட்டால் இரைச்சல் நின்றுபோகும் என்று வேறொரு குழுவின் கிதார்காரன் எப்போதோ சொல்லியிருந்தான். கட்டிங் பிளேயரால் அதைப் பிடித்து இப்படி அப்படி ஆட்டினான். மளுக்கென்று ஒடிந்து வந்தது. ஒடிந்த பித்தளைத் துண்டை முந்திரித் தோப்புக்குள் வீசினான். பின் இல்லாத பிளக் சுவிட்ச் பலகையில் ஆடும் என்பதால் கறுப்பு டேப்பைச் சுற்றி இறுக்கினான். இரைச்சல் போயே போய்விட்டது. சொட்டுத் தேன் விழுகிற மாதிரி விழுந்தது ஒவ்வொரு அடியும்.

"என்னாய்யா பண்ணின?" என்றார் கண்ணாயிரம் வியந்துபோய்.

"சும்மா பின்னை ஒடச்சி உட்டேண்ணே."

"கில்லாடிய்யா நீ!"

அன்றைக்கு அவர் தன் பங்கு பிரியாணியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவன் இலையில் வைத்தார். புறங்கையால் தட்டிப் பார்க்காமல் எதையும் தொடாதவன், எர்த் எதற்காக இருக்கிறது என்பதை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இரைச்சல்தான் அவனுக்குப் பயமாக இருந்தது.

இது நடந்து மூன்று மாதம் கழித்து, இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில், சிதம்பரத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. காலை பதினோரு மணிக்குக் கச்சேரி. முதல் நாள் ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. வேனில் புதிதாக வெண்மதி இருந்தாள். லூர்துசாமியின் மனைவி ஆரோக்கியம்மாளுக்குத் தங்கை. பி.எட். படிக்கிறாள். கோயிலில் அவள் பாடினால் பாதிரியாரே கண்ணை மூடிக்கொள்வார். கண்ணாயிரத்திடம் சொல்லிச் சேர்த்துவிட்டவன் லூர்துசாமிதான். "பத்தரமா கூட்டிக்கினு வந்துடு, அவளுக்கு ஒண்ணுன்னா எங்கப்பா என்னைத்தான் கேப்பாரு" என்று ஆரோக்கியம்மாள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

புதுச்சத்திரம் தாண்டியதும் வெண்மதி கண்ணாயிரத்திடம் கேட்டாள். "அண்ணே, மேடையில நான் மொதல்ல என்னா பண்ணணும்?"

"பெருசா ஒண்ணுமில்ல பாப்பா. நம்ம குழுவுக்குப் புதுசா வர்றவுங்க எல்லா வாத்தியத்தையும் ஒரு சுத்து தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும். அப்பறம் வணக்கம் சொல்லிட்டுப் பாட வேண்டியதுதான். உங்க மாமாவும் அப்படித்தான் ஆரம்பிச்சாரு."

"மைக்க வச்சிட்டுத் தொடணுமா?"

"மைக்குதானே உன் வாத்தியம்? அது ஒரு கையில இருக்கணும். இன்னொரு கையால தொடு."

"நான் சிலுவை போட்டுக்கலாமா?"

"எத வேணாலும் போட்டுக்க. சுருதிய மட்டும் கீழ போட்டுராத" என்றான் சபாபதி. எல்லோரும் சிரித்தார்கள். வேனின் பின்பக்கம் கூரை ஒழுகுவதை யாரும் பார்க்கவில்லை.

மண்டபத்தில் இறக்கும்போதுதான் தெரிந்தது, ஆம்ப்பின் முதுகில் தண்ணீர் ஓடியிருந்தது. லூர்துசாமி தன் துண்டால் துடைத்தான். மேடையில் புதுக் கம்பளம் விரித்திருந்தார்கள். ஜன்னல் ஓரம் சாரல் அடித்து அதுவும் ஈரம். மைக் செட்டுக்காரர் செந்தமிழ்செல்வன் மண்டபத்துக்குப் பின்னால் இரும்புக் கம்பி ஒன்றை முழங்கால் ஆழத்துக்கு அடித்து, உப்புக் கரைத்த தண்ணீரை ஒரு வாளி ஊற்றிவிட்டு வந்தார்.

"எர்த்து எப்பவும் நான் தனியா அடிச்சிருவேன். என் மைக்குல வாய வச்சிப் பாடுறது பொண்ணுங்க. சுருக்குனு ஒரு ஷாக்கு அடிக்கக் கூடாது" என்றார்.

குழுவின் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரு நீளமான சுவிட்ச் பலகை உண்டு. எல்லாப் பிளக்கும் அதில்தான். அதைப் பின்திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஒற்றை ஒயரை மட்டும் செந்தமிழ்செல்வனிடம் கொடுத்தார்கள்.

லூர்துசாமி கிதாரை மாட்டி ஆம்ப்பைப் போட்டான். கிதார் கம்பியில் முழங்கை உராய்ந்தது. எறும்பு கடித்த மாதிரி இருந்தது. உதறிவிட்டுக் கீழே பார்த்தான். எறும்பு இல்லை. காலில் ரப்பர் செருப்பு இருந்தது.

மெதுவாகப் புறங்கையைக் கொண்டுபோய்க் கம்பியில் வைத்தான். தோலுக்குள் பொடிப்பொடியாக ஏதோ ஓடியது. கையை எடுத்தான். சட்டைப்பையில் டெஸ்டர் இருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கம்பியில் டெஸ்டரின் முனையை வைத்தான். உள்ளே இருந்த சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ஆம்ப்பை அணைத்தான். மறுபடி வைத்தான். அணைத்த பிறகும் எரிந்தது.

உள்ளே எங்கோ ஒயர் நைந்து ஆம்ப்பின் இரும்புப் பெட்டியைத் தொடுகிறது. பெட்டியில் ஏறிய கரண்ட் கிதார் ஒயர் வழியாகக் கம்பிக்கு வந்துவிட்டது. பின் இருந்திருந்தால் இது அதன் வழியாகவே மண்ணுக்குள் போயிருக்கும், ஃபியூஸ் அடித்திருக்கும், ஆம்ப் செத்திருக்கும், அவ்வளவுதான். இப்போது போக வழியில்லாமல் அவன் விரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

பலகையிலிருந்து பிளக்கைப் பிடுங்கினால் முடிந்தது. பத்தடி தூரம். பின்திரையைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு நடந்தான். கண்ணாயிரம் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னா லூர்து? ஆம்ப்பு மறுபடி வம்பு பண்ணுதா?"

"இல்லண்ணே."

"பண்ணினா சொல்லிடு. நான் எடது கையில பாத்துக்கிறேன்."

"அதெல்லாம் இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கு."

திரையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். இரண்டு மணி நேரக் கச்சேரி. செருப்பு இருக்கிறது. கம்பியைத் தவிர எதையும் தொடாமல், யாரும் தன்னைத் தொடாமல் ஒரு மூலையில் நின்றுவிட்டால் ஒன்றும் ஆகாது. ஊருக்குப் போனதும் முதல் வேலையாகப் பிளக்கை மாற்றிவிடலாம். இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டாலும் கண் மறுபடி பின்திரைக்கே போனது. அந்த வருஷம் தினமும் இரண்டு மணி நேரம் கரண்டை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது போகக்கூடாதா என்று நினைத்தான். ஜெனரேட்டர் போடுவதற்குள் பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் பட்டு ஆம்ப் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். தலைக்கு மேல் மின்விசிறி நிற்காமல் சுற்றியது.

"செருப்பக் கழட்டு லூர்து. குத்துவிளக்கு ஏத்தியிருக்கு" என்றார் கண்ணாயிரம்.

"காலுல ஆணிண்ணே. வலிக்குது."

"வீட்டுக்காரங்க பாத்தா தப்பா நெனப்பாங்கய்யா. கழட்டு."

மேடைக்குக் கீழே முதல் வரிசையில், சடங்கான பெண்ணின் அம்மா புஷ்பவள்ளி அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். லூர்துசாமி ஓடிப்போய்ச் சமையல்கட்டிலிருந்து காய்ந்த அரிசிச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்தான். நான்காக மடித்து ஈரக் கம்பளத்தின் மேல் போட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றான்.

"என்னா மச்சான், லோடு எறக்கப் போறியா? மேடைக்கு வந்தும் சாக்கு உன்ன உடலியே" என்றான் சபாபதி. லூர்துசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே மழை வலுத்தது.

மணி பதினொன்று. கண்ணாயிரம் பெயர்களைச் சொன்னார். "பேஸ் கிதார், திரு லூர்துசாமி" என்றதும் வழக்கப்படி இரண்டு அடி அடித்துக் காட்டினான். சாக்கின் மேல் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எறும்புகூடக் கடிக்கவில்லை. பயம் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் கண்ணாயிரம், "இன்று முதல் மேடை காணும் எங்கள் புதிய பாடகி, செல்வி வெண்மதி" என்றார்.

வெண்மதி பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி வெறுங்காலுடன் வந்தாள். ஸ்டாண்டிலிருந்து மைக்கை உருவி இடது கையில் பிடித்தாள். நல்ல கனமான இரும்பு மைக். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள்.

லூர்துசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. வேனில் பேசியது அவன் காதில் விழுந்ததுதான். ஆனால் டெஸ்டர் எரிந்ததிலிருந்து அவன் தன் காலைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தான்.

அவள் ரிதம் பேடைத் தொட்டாள். தொட்டுக் கண்ணில் ஒற்றினாள்.

அவள் கையில் இருக்கும் மைக், உப்புத் தண்ணீர் ஊற்றிய அந்த இரும்புக் கம்பியோடு சேர்ந்திருக்கிறது. செந்தமிழ்செல்வன் எவ்வளவு நன்றாக எர்த் அடித்திருக்கிறாரோ அவ்வளவு சுலபமாகக் கரண்ட் இவள் நெஞ்சு வழியாகப் போகும். ஒரு கையில் மைக், ஒரு கையில் கிதார் கம்பி. இரண்டும் உள்ளங்கை. இரண்டும் மூடிக்கொள்ளும்.

தபேலாவைத் தொட்டாள். "நல்லாப் பாடு தாயி" என்றான் சபாபதி.

லூர்துசாமி பின்னால் நகர்ந்தான். சாக்கின் விளிம்பில் குதிகால் ஈரத்தைத் தொட்டதும் சுள்ளென்று ஒரு இழுப்பு, இடுப்பு வரை ஏறியது. மறுபடி சாக்குக்குள் காலை இழுத்துக்கொண்டான். அவள் நேராக அவன் முன்னால் வந்து நின்றாள். மூக்கின் மேல் வியர்வை. அவளுக்கும் பயம்தான், வேறு பயம்.

"காட்டுங்க மாமா."

தொடாதே என்று சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கொளஞ்சியப்பன் வாய் எப்படித் திறந்திருந்ததோ அப்படியே திறந்திருந்தது. சபாபதி அதைப் பார்த்துச் சிரித்தான். "மச்சானுக்கு மச்சினியப் பாத்து வெக்கம்டா!"

அவள் வலது கை நீண்டது. அதைத் தட்டிவிட முடியாது. அவன் விரல்கள் கம்பியின் மேல் இருந்தன. அவனைத் தொட்டாலும் கம்பியைத் தொட்டாலும் அவளுக்கு ஒன்றுதான். கைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண். அரைச் சாண்.

அவன் கம்பியிலிருந்து விரல்களைப் பிய்த்தான். கிதாரின் மரத்தை மட்டும் இரண்டு பக்கமும் பிடித்து, தோள்வாரைத் தலைக்கு மேலே உருவி, மூட்டையைச் சரிக்கிற மாதிரி ஒரே வீச்சில் பக்கவாட்டில் எறிந்தான். அவன் முழங்கை அவள் தோளில் இடித்து அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். கிதார் மைக் ஸ்டாண்டுகளின் மேல் போய் விழுந்தது.

படார் என்று வெடித்தது. நீல நெருப்பு ஒரு முழத்துக்கு எழுந்து, தடித்த கம்பி ஒன்று அறுந்து சுருண்டு பின்திரையில் அடித்தது. விளக்கெல்லாம் அணைந்தது. மின்விசிறிகள் நின்றன. மண்டபத்தில் குழந்தைகள் மட்டும் அழுதன. கருகிய நாற்றம் வந்தது.

முதலில் மேடைக்கு ஏறியவர் செந்தமிழ்செல்வன். யாரையும் எதுவும் கேட்கவில்லை. மெயினை அணைத்துவிட்டுப் பின்திரையைத் தூக்கிப் பலகையை வெளியே இழுத்தார். ஆம்ப்பின் பிளக்கில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிய்த்தார். இரண்டு பின். மேலே ஒடிந்த இடம்.

"யாரு பண்ணின வேல இது?"

வெண்மதி கீழே உட்கார்ந்தபடியே லூர்துசாமியைப் பார்த்தாள். ஸ்டாண்டில் கரி பிடித்திருந்த இடத்தையும், தன் வலது கையையும் பார்த்தாள்.

"நான்தான்" என்றான் லூர்துசாமி. "காலையிலயே டெஸ்டர் எரிஞ்சிது. தெரிஞ்சேதான் நின்னேன்."

"தெரிஞ்சேவா?" என்றாள் அவள்.

அவன் தலை ஆடியது.

"நான் தொட வருவேன்னும் தெரியும்ல?"

"மறந்துட்டேன்மா. என் காலு தப்பிச்சா போதும்னு இருந்தேன். அத மட்டுந்தான் பாத்தேன்."

"போய் வேன்ல உக்காருய்யா" என்றார் கண்ணாயிரம். "நீயெல்லாம் ஒரு மனுசனா? ஒரு பொம்பளப் புள்ளையக் கூட்டிக்கினு வந்து…"

"இருங்க கண்ணாயிரம்" என்றார் செந்தமிழ்செல்வன். அவர் அடுத்த பிளக்கின் டேப்பையும் பிய்த்திருந்தார். அதிலும் பின் இல்லை. அது கீபோர்டு ஆம்ப். அதற்கடுத்தது ரிதம் பேடு. அதிலும் இல்லை. மூன்றையும் வரிசையாகக் கம்பளத்தின் மேல் வைத்தார். "இது யாரு ஒடச்சது?"

கண்ணாயிரம் மூன்று பிளக்கையும் பார்த்துக்கொண்டு நின்றார். "சத்தம் சுத்தமா இருந்திச்சி" என்றார் கடைசியில். "இவன் பண்ணினதப் பாத்துதான்…" காடாம்புலியூருக்குப் பிறகு பதினாறு கச்சேரி. அதில் எத்தனை மழையில், எத்தனை ஈரத் தரையில் என்று சபாபதி விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டான்.

செந்தமிழ்செல்வன் தன் பெட்டியிலிருந்து புதுப் பிளக்குகளை எடுத்தார். "இத மாத்துறதுக்கு அரை மணி ஆவும். அதுவரைக்கும் மைக்கும் தபேலாவும் போதும். மைக்கு என்னுது. அதுல ஒண்ணுமில்ல." ஃபியூஸ் போட்டு மெயினைத் தூக்கினார். விளக்குகள் எரிந்தன.

புஷ்பவள்ளி மேடை ஓரம் வந்தாள். "ஏம்ப்பா, நல்ல நாளும் அதுவுமா புள்ளைய மணையில உக்கார வச்சிட்டுக் காத்திருக்கோம். ஒரு சாமி பாட்டாவது பாடுங்களேன்."

மைக் கம்பளத்தின் மேல் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. கண்ணாயிரம் செந்தமிழ்செல்வனைப் பார்த்தார். செந்தமிழ்செல்வன் ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தார். சபாபதி தபேலாவின் மேல் வைத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

லூர்துசாமி வேனுக்குப் போகவில்லை. மைக்கின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். ஈரக் கம்பளம் பாதத்தில் சில்லென்றிருந்தது. டெஸ்டரை வைத்தான். எரியவில்லை. அதை நம்ப முடியவில்லை. விரல்களை மடக்கினான். புறங்கையை மைக்கை நோக்கிக் கொண்டுபோனான். கண்ணை மூடிக்கொண்டு தட்டினான். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினான். மூன்றாவது தடவை அப்படியே வைத்திருந்தான்.

"பொறங்கையால தொடு" என்றான் வெண்மதியைப் பார்க்காமல். "எப்பவும். பொறங்கையா இருந்தா கை தானா வெளிய வந்துரும்."

அவள் எழுந்து போய், அவன் நின்ற சாக்கைக் காலால் தள்ளிக்கொண்டே மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தாள். அதன்மேல் ஏறி நின்றாள். குனிந்து, விரல்களை மடக்கி, மைக்கைப் புறங்கையால் ஒருமுறை தட்டினாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கரண்ட் இல்லை, பயம்தான். மறுபடி தட்டினாள். பிறகு எடுத்தாள்.

உதட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். குரல் உடைந்து, அடுத்த வரியில் சேர்ந்தது. லூர்துசாமி ஈரக் கம்பளத்தில் வெறுங்காலோடு, ஒயரின் பக்கத்திலேயே குந்தியிருந்தான். அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிகிறவரை அவன் தோள் இறங்கவில்லை.